பரமநாதன் பஸ் நிறுத்தின இடங்கள்

பரமநாதன் எனக்குத் தம்பி முறை. என்னைப் பெற்றவளின் தகப்பனும் அவனைப் பெற்றவளின் தகப்பனும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. மாந்தைப் பக்கத்தில், திருக்கேதீஸ்வரத்துக்குப் போகிற பாதையில், இரண்டு வீட்டு வயலுக்கும் வரம்பு ஒன்றுதான். அவன் தகப்பன் வேலுப்பிள்ளை மாட்டு வண்டிலையே ஆரோ துரத்திக்கொண்டு வாற மாதிரி ஓட்டுவார். அந்தப் புத்திதான் மகனுக்கும். உழவு மெசின் ஓட்டினான், லொறி ஓட்டினான், கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரைக்கூட வேறொருத்தன் கையில் விடாமல் தானே ஓட்டிக்கொண்டு போய் இராசம்மாவுக்குத் தாலி கட்டினான்.

சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, ஊருக்குத் திரும்பி வந்தபோது வயலுக்குள் கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள் சிவப்புத் தடி நட்டு வைத்திருந்தார்கள். கால் வைக்க ஏலாது. வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் இருந்தது. பரமநாதனிடம் மிச்சம் இருந்தது லைசன்ஸ் ஒன்றுதான். அதை இராசம்மா பொலித்தீனில் சுற்றிச் சட்டைக்குள்ளே வைத்துக் காப்பாற்றிக் கொண்டு வந்தவள். "நகையை விட்டிட்டு வந்தனீ, இதைக் கொண்டு வந்தனீயே" என்று நான் கேட்டதற்கு, "அக்கா, நகை இல்லாட்டிலும் இந்த மனிசன் இருக்கும். கையில பிடிக்க ஒரு ஸ்ரேறிங் இல்லாட்டி எனக்கு மேல ஏறி நிண்டு ஓட்டும்" என்றாள்.

விடத்தல்தீவு முனவ்வர்தான் அவனுக்கு ஸ்ரேறிங் கொடுத்தவர். முனவ்வரின் வாப்பா முந்தி எங்கள் ஊருக்குக் கருவாடு கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போகிறவர். வேலுப்பிள்ளை வீட்டில் அவருக்கென்று தனியாக ஒரு பாய் இருந்தது. அந்தக் குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது புத்தளத்துக்குப் போய், இத்தனை வருசம் கழித்துத் திரும்பி வந்தது. வந்த கையோடு முனவ்வர் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, நீலப் பெயின்ற் அடித்து, நெற்றியில் தன் மகள் பெயரை ஸம்ஸியா என்று எழுதி, மன்னாருக்கும் வெள்ளாங்குளத்துக்கும் நடுவே ஓட விட்டார். டிறைவர் பரமநாதன். கொண்டக்டர் பேசாலை அம்புறோஸ். அம்புறோஸ் கடலில் கத்திப் பழகின ஆள். பஸ்ஸுக்குள்ளே பக்கத்தில் இருக்கிறவனோடும் அடுத்த வள்ளத்துக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் கதைப்பான்.

கொஞ்சக் காலம் எல்லாம் நன்றாகப் போனது. அறுபது தாண்டினபிறகு பரமநாதனுக்குச் சலம் போகிற உபத்திரவம் தொடங்கியது. போக வேண்டும் போல முட்டும். போய் நின்றால் வராது. வந்தாலும் சொட்டுச் சொட்டாக வரும். முடிந்தது என்று திரும்பி வந்து சீற்றில் இருந்தால், முடியவில்லை என்று தெரியும். இரவில் எழும்பி எழும்பிப் போய் இராசம்மாவின் நித்திரையும் போனது.

பஸ் ஓட்டுகிறவனுக்கு இது வந்தால் என்ன செய்வது? நடு ரோட்டில் பஸ்ஸை நிறுத்துவான். முதல் சில நாள் வெட்கத்தில் ரயர் பார்க்கிற மாதிரி இறங்கி, தட்டிப் பார்த்து, அப்படியே பற்றைக்குள் போவான். பிறகு ரயரை விட்டுவிட்டான்.

"பரமு, முன் ரயரே பின் ரயரே?" என்று அம்புறோஸ் பஸ் முழுக்கக் கேட்கக் கத்துவான்.

"வாயை மூடடா, மீன்பிடிச்சவனே."

"நான் மூடினாலும் உன்ர குழாய் திறக்குதில்லையே மச்சான்!"

அந்த ரோட்டில் முறையான தரிப்புகள் தூரத் தூரத்தில்தான். மாந்தைச் சந்தி, பிறகு விடத்தல்தீவு, பள்ளமடு, இலுப்பைக்கடவை என்று. நடுவில் எல்லாம் காடும் வெளியும். ஆனால் அந்தக் காட்டுக்குள்ளேயும் வெளிக்குள்ளேயும் திரும்பி வந்த சனம் தகரக் கொட்டில் போட்டு இருந்தது. அவர்களுக்குப் பஸ் இல்லை. பஸ் பார்க்க வெய்யிலில் சந்திவரைக்கும் நடக்க வேண்டும்.

பரமநாதன் முதல் நிறுத்தினது பாப்பாமோட்டைப் பக்கத்தில் ஒரு மதகடியில். அவன் பற்றையைப் பார்த்துக்கொண்டு நிற்க, முதுகுக்குப் பின்னால் ஒரு மனிசி ஆட்டுக்குட்டியோடு ஓடிவந்து பஸ்ஸில் ஏறிவிட்டாள். அடுத்த நாளும் அவன் அதே மதகடியில் நிறுத்தினான். இந்த வருத்தக்காரருக்கு ஒரு இடம் பழகிவிட்டால் அந்த இடம் கண்டவுடன் முட்டும். அடுத்த நாள் அங்கே மூன்று நாலு பேர் நின்றார்கள். அதற்கடுத்த கிழமை ஒரு கூட்டமே நின்றது, மண்வெட்டியும் மாம்பழக் கடகமும் பிள்ளைகளின் புத்தகப் பையுமாக. அம்புறோஸ் எல்லாரையும் ஏற்றி, ரிக்கற் கிழித்து, இருத்தி முடிய, பரமநாதன் சாறத்தை உதறிக்கொண்டு வந்து ஏறுவான். பஸ் நின்றதால் நாலு பேர் ஏறினார்கள் என்று மட்டும் அவன் நினைத்தான்; தன்னால் ஒரு தரிப்பு உண்டானது அவனுக்குத் தெரியவில்லை.

இதில் வந்த கரைச்சல் என்னவென்றால், ஆட்கள் கூடின இடத்தில் மனிதன் எப்படி ஒதுங்குவது? பொம்பிளைகள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே அவன் கொஞ்சம் தள்ளிப் போய், ஒரு பாலை மரத்தடியில் நிறுத்தத் தொடங்கினான். பாலை மரத்துக்கு அங்கால இருந்த கொட்டில் சனம், எங்களுக்கும் பஸ் வந்துவிட்டது என்று சந்தோசத்தில் மரத்தடியைக் கூட்டி, இரண்டு கல் வைத்துப் பலகை போட்டது. அதற்குள் மதகடிச் சனம் கைகாட்டிச் சண்டை பிடிக்க, அம்புறோஸ் அங்கேயும் மணி அடித்தான். பலகை போட்டதும் பரமநாதன் இன்னும் தள்ளிப் போனான். இப்படி அவன் தள்ளத் தள்ளத் தரிப்பும் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

ஒரு இடத்தில் தொண்டு நிறுவனம் ஒன்று வந்து, சனம் வெய்யிலில் நிற்கிறதைக் கண்டு இரக்கப்பட்டு, சீமெந்தில் கட்டி, தகரம் போட்டு, தங்கள் பெயரைப் பெரிதாக எழுதி, றிபன் வெட்டி ஒரு பஸ் தரிப்பு நிலையமே திறந்து வைத்தது. அது பரமநாதனுக்கு மிக விருப்பமான இடம். நல்ல அடர்ந்த ஈச்சம் பற்றை. திறப்புவிழாவுக்கு வசதியாக அதை வெட்டித் துப்புரவாக்கிவிட்டார்கள். அன்றைக்கு அவனுக்கும் ஒரு மாலை போட்டார்கள், முதல் பஸ்ஸைக் கொண்டுவந்த டிறைவர் என்று. மாலையோடு நின்றவனுக்கு எப்படி முட்டியது என்று அவன்தான் அறிவான்.

பின்னால் வந்த பஸ்காரர் விடுவார்களா? பெர்மிற்றில் இல்லாத இடத்தில் ஆள் ஏற்றுகிறான் என்று மேலிடத்துக்குச் சொன்னார்கள். அதிகாரி ஒருத்தர் பஸ்ஸில் ஏறி வந்து பார்த்தார். பற்றையடியில் பரமநாதன் நிற்கிற கோலத்தைக் கண்டு அவருக்கே மனம் உருகிவிட்டது. முனவ்வரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "வருத்தக்காரன் இறங்கிறதுக்கு ஆர் என்ன செய்யிறது? நிண்ட பஸ்ஸில ஆள் ஏறினா அதுவும் குற்றமில்லை. ஆனா சுகமா இருக்கிறவன் கண்ட இடத்தில நிப்பாட்டினா பெர்மிற்றை வெட்டுவன்."

முனவ்வருக்கு அப்போது அந்தக் கதை காதில் ஏறவில்லை. அவருக்கு இருந்த கவலை நேரம். ஸம்ஸியா புறப்படுகிறது சரி, போய்ச் சேர்கிறது எப்பவும் பிந்தித்தான். மன்னார் பஸ் நிலையத்து ரைம்கீப்பர் அவரைக் கண்டாலே பேசுவார்.

"பரமண்ணை," என்றார் முனவ்வர், "உங்கட வாப்பாவும் எங்கட வாப்பாவும் ஒரு சட்டியில திண்டவை. அதால இவ்வளவு நாளும் பொறுத்தன். இனி நேரத்துக்குப் போகாட்டி வேற ஆளைத்தான் போட வேணும்."

"ஆரைப் போடப் போறீங்கள்?"

"நடராசா அண்ணை கேட்டுக்கொண்டு திரியிறார்."

நடராசா இராசம்மாவின் சித்தப்பா மகன். பரமநாதனுக்கு மச்சான். அவனும் டிறைவர். ஒரே குடும்பத்துக்குள்ளே இருந்து ஒருத்தன் சீற்றை மற்றவன் பார்க்கிறான் என்றதும் பரமநாதனுக்கு முகம் கறுத்துப் போனது. ஸ்ரேறிங் போனால் தான் போனமாதிரி என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டு, சொல்லி முடிக்கிறதற்குள் இரண்டு தரம் கொல்லைப் பக்கம் போய் வந்தான்.

அன்றிலிருந்து அவன் அடக்கத் தொடங்கினான். தண்ணீர் குடிக்கிறதை நிறுத்தினான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். எவ்வளவு நாளைக்கு அடக்குவது? ஒருநாள் மன்னாருக்கு வருகிறபோது, தள்ளாடிச் சந்தி தாண்டி, மன்னார் தீவுக்குப் போகிற தாம்போதியில் ஏறினவுடன் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினான். இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு செடி இல்லை, கச்சான் காற்று சாறத்தைத் தலைக்கு மேலே தூக்குகிறது. போய் நின்றான். ஒரு சொட்டும் வரவில்லை. வயிறு கல்லு மாதிரி. தாம்போதிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

பஸ்ஸில் இருந்த சனம் இறங்கி ஓடிவந்தது. நல்ல சனம். ஆனால் அந்த நல்ல மனத்தால்தான் ஆளைக் கொல்லப் பார்த்தது. அந்த ரோட்டு வழிய இடியப்பம் கொண்டுபோய் விற்கிற ஹமீதா, "தண்ணி போதாமல்தான் அடைச்சிருக்கு, குடியுங்கோ அண்ணன்" என்று தன் போத்தலை வாயில் வைத்தாள். அதைக் குடித்தான். ஆரோ இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அதையும் குடித்தான். ஒருத்தர் சோடா. இன்னொருத்தி பார்லித் தண்ணி, அது பிள்ளைக்குக் கொண்டுபோனது. எல்லாம் உள்ளே போகிறது, ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில் பேசாலைக்குத் திரும்பிப் போகிற மீன் லொறி ஒன்றை அம்புறோஸ் மறித்தான். முன்னால் இடமில்லை. பின்னால் ஐஸ் பெட்டிக்கு மேலே படுக்க வைத்தார்கள்.

"குளிருதடா அம்புறோஸ், குளிர்ல இன்னும் முட்டுதடா!"

"முட்டட்டும் மச்சான், நீ மட்டும் பழுதாகாமல் போய்ச் சேருவாய்!"

மன்னார் ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸி ஒரு குழாயை வைத்துப் பையைப் பூட்டினாள். தண்ணீர், இளநீர், சோடா, பார்லி எல்லாம் இறங்கியது. பை நிரம்பி அடுத்த பையும் பூட்டினார்கள். பரமநாதன் அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ நல்லா இருப்பாய் அம்மா, கேதீஸ்வரநாதர் உனக்குக் குறை வைக்கமாட்டார்" என்று அழுதான். குழாயோடு சேர்த்து ஒரு துண்டுக் கடிதத்தையும் கொடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள்.

நானும் கூடப் போனேன், இராசம்மா தனியப் போகப் பயந்ததால். அங்கே புதிதாக லேசர் மெசின் வைத்திருந்த ஒரு ஆஸ்பத்திரியில் சுபாஸ்கரன் என்ற டொக்டர் பார்த்தார். இரத்தம் எடுத்துப் பார்த்து, கெட்ட வருத்தம் ஒன்றும் இல்லை, வயதுக்கு வருகிற வீக்கம்தான் என்றார். சலப்பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். இளமையில் தேசிக்காய் போல இருந்தது இவனுக்கு மாதுளங்காய் அளவுக்கு வந்து, நடுவே போகிற குழாயை நெரிக்கிறதாம்.

"சுரண்டி எடுக்கிற பழைய முறை இருக்கு," என்றார் டொக்டர். "நல்ல முறைதான். ஆனா நீங்கள் இருதயத்துக்கு இரத்தம் உறையாத குளிசை போடுறீங்கள். இரத்தம் கூடப் போகும். லேசரில அது குறைவு. வெளியில வெட்டுக்காயம் இல்லை, சலம் போற பாதையாலயே போய், கூட வளர்ந்த சதையை ஒளியால கரைச்சு எடுக்கிறது."

இராசம்மா எழும்பிவிட்டாள். "ஒளியோ? எரியாதோ ஐயா? உள்ளுக்கை பத்திக்கொள்ளாதோ?"

"உள்ளுக்குத் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும் அம்மா."

"தண்ணிதான் இவருக்கு நிறைய இருக்கு," என்று நான் சொல்லிவிட்டேன். டொக்டர் சிரிப்பை அடக்கினார்.

பிறகு அவர் குரலைத் தணித்து இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்றார். இதற்குப் பிறகு தாம்பத்தியத்தில் குறை வராது, ஆனால் விந்து வெளியே வராமல் பின்னால் சலப்பைக்குள்ளே போகும், ஆபத்தில்லை, பிள்ளை பிறக்கிறதுதான் கஷ்டம் என்று. பரமநாதன் சுவரைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். இராசம்மா மட்டும் டொக்டரை நேரே பார்த்து, "அது எங்கை போனாலும் பரவாயில்லை ஐயா. எனக்கு இரவில நித்திரை வருமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள்.

பரமநாதன் கேட்டது ஒரே கேள்வி. "எதில கெதியா பஸ் ஓட்டலாம் டொக்டர்?"

"லேசரில. குழாய் ஒண்டு ரெண்டு நாளில எடுக்கலாம். ஆனா ஒரு மாசத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, பஸ் சீற்றில குலுங்கக் கூடாது."

"ஹோர்ண் அடிக்கலாமோ?"

"வீட்டில இருந்து அடியுங்கோ."

இடுப்புக்குக் கீழே விறைக்க ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஆள் முழிப்பு. தலைமாட்டில் ஒரு ரீவியில் உள்ளே நடக்கிறது எல்லாம் தெரிந்ததாம். வெளியே வந்து அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஒரு குகை மாதிரிப் பாதையாம், இரண்டு பக்கமும் சதை பிதுங்கி ரோட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறதாம், நடுவே ஒரு வெளிச்சம் போகிறதாம். ரோட்டைக் கண்டால் இவனால் சும்மா இருக்க ஏலுமோ?

"டொக்டர், இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் முட்டிக்கொண்டு நிக்குது. அதையும் ஒதுக்கிவிடுங்கோ."

"நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் பேசாமல் இருங்கோ."

"அந்த வளைவு கவனம். மெல்லமாத் திருப்புங்கோ. ஆ, இப்ப சரி. இப்ப ரெண்டு பஸ் போகலாம்."

இவர் ஓட்டுறாரா நான் ஓட்டுறனா என்று டொக்டர் மிஸ்ஸியிடம் கேட்டாராம்.

குழாய் எடுத்தபிறகு சில கிழமை எரிவும் அடிக்கடி முட்டுகிறதும் இருந்தது. அது இருக்கும் என்று டொக்டர் முதலே சொன்னதுதான். அதற்குப் பிறகு ஒருநாள் விடிய, கொல்லைப் பக்கத்திலிருந்து தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம். வானத்தில் ஒரு முகில் இல்லை. இராசம்மா ஓடிப் போய்ப் பார்த்தால், இவன் வேலித் தகரத்துக்கு முன்னால் நின்று ஆனந்தப்படுகிறான். அன்றிலிருந்து பெருமை தாங்க ஏலாது. வீட்டுக்கு வருகிற ஆம்பிளைகள் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கவைப்பான். "என்ன வேகம் எண்டு பாத்தீங்களே? இருபது வயசில கூட இப்பிடி இல்லை!" கோயில் ஐயர் விபூதி கொண்டுவந்தபோது அவரையும் கூப்பிட்டான். நல்ல காலம், அவர் போகவில்லை.

அவன் வீட்டில் கிடந்த காலத்தில் நடராசாதான் ஸம்ஸியாவை ஓட்டினான். மாசம் முடிந்ததும், சுகமானால் சாவி உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்த முனவ்வர் வாக்குத் தவறாமல் பரமநாதனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். "நேரம் முக்கியம் அண்ணை" என்ற ஒரு சொல்லோடு.

நேரம்தானே? முதல் நாள் பரமநாதன் ஓட்டின ஓட்டத்தை அந்த ரோட்டில் ஒருத்தரும் மறக்கவில்லை. மதகடியில் கூட்டம் நின்று கைகாட்டியது. போய்விட்டான். பாலை மரத்தடியில் பலகையில் இருந்தவர்கள் எழும்புகிறதற்குள் தூசி மட்டும் நின்றது. றிபன் வெட்டின தரிப்பு நிலையத்தில் ஹமீதா இடியப்பப் பெட்டியோடு ரோட்டுக்கே வந்து மறித்தாள். இவன் ஹோர்ண் அடித்துச் சிரித்துக்கொண்டு ஒதுக்கிக் கொண்டு போய்விட்டான், தனக்குச் சுகமானதற்குச் சனம் கைகாட்டி வாழ்த்துகிறது என்று நினைத்து. அம்புறோஸ் மணியை அடித்து அடித்துக் கயிறே அறுந்தது.

"நிப்பாட்டடா! பஸ் ஹோல்ட் தாண்டிப் போகுது!"

"எனக்குத் தேவையில்லை அம்புறோஸ்! நான் வெள்ளாங்குளம் வரைக்கும் அடக்குவன்!"

"உனக்குத் தேவையில்லையடா, சனத்துக்குத் தேவை!"

"அவையும் லேசர் செய்யட்டும்!"

வெள்ளாங்குளத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது, அங்கே நின்ற முந்தின பஸ்ஸே இன்னும் புறப்படவில்லை. அதற்குப் பிறகும் நாள்தோறும் அப்படித்தான், நேரம் தவறவில்லை. பஸ்ஸுக்குள் ஆள்தான் இல்லை. காட்டோரச் சனம் திரும்பவும் சந்திக்கு நடந்து, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறியது. அம்புறோஸ் வெறும் சீற்றுகளைப் பார்த்து ரிக்கற், ரிக்கற் என்று கத்திக்கொண்டு போனான், தொண்டை பழுதாகக் கூடாது என்று.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து முனவ்வர் நேரே பரமநாதன் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஹமீதாவும் மதகடிச் சனமும் ஒரு உழவு மெசின் பெட்டியில் வந்து இறங்கியது. நானும் அங்கே இருந்தேன்.

"அண்ணன்," என்றாள் ஹமீதா, "நீங்க வருத்தமா இருக்கக்குள்ள எங்களுக்கு எவ்வளவு உதவியா இருந்தீங்க. இப்ப சுகமாகி எங்களை நடுத்தெருவில விட்டிட்டீங்களே."

"என்ன கதைக்கிறாய் ஹமீதா? நான் செத்துப் பிழைச்சு வந்திருக்கிறன்."

"அல்ஹம்துலில்லாஹ், நல்லது. ஆனா மதகடியில நிக்குறதுக்கு என்ன?"

முனவ்வர் கதிரையில் இருந்து தலையைச் சொறிந்தார். "நிப்பாட்டலாம் எண்டா நான் சொல்லமாட்டனா? அந்த அதிகாரி சொன்னதை மறந்திட்டீங்களா? வருத்தக்காரன் நிப்பாட்டினாத்தான் குற்றமில்லை. சுகமானவன் நிப்பாட்டினா பெர்மிற் போயிரும். பரமண்ணை, வாப்பா மேல சத்தியமா மனசு கேக்கல்ல. ஆனா எனக்கு இப்ப சுகமில்லாத டிறைவர் ஒருத்தர்தான் வேணும்."

இராசம்மாதான் கேட்டாள், "ஆர் அப்பிடி இருக்கினம்?"

"நடராசா அண்ணைக்குத் தொடங்கியிட்டுதாம். நீங்க லீவில நிண்ட மாசம் அவரும் மதகடியில இறங்கினவர்தான். நல்லா நேரம் எடுக்குறார்."

அம்மன் மேல ஆணையாக, ஒரு மனிதன் தன் வருத்தம் போனதற்கு அப்படி அழுததை நான் கண்டதில்லை. "ஸ்ரேறிங்குக்காகத்தானே முனவ்வர் செய்தனான்," என்றான். "அதுக்காகத்தானே அந்தப் பாதையெல்லாம் திறந்தனான்." ஹமீதாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அம்புறோஸ்தான் வாசலில் நின்று கத்தினான். "அட, இதுக்கு ஏன் அழுறாய்? இறங்கி நில்லன்! முந்தி நிண்ட மாதிரி நில்லு. வருதோ வரேல்லையோ எண்டு ஆர் வந்து பாக்கப் போயினம்? முந்தியும்தான் வரேல்லை!"

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஆகக் கடைசியில் முனவ்வர், "எனக்கு ஒண்டும் தெரியாது. நான் இஞ்ச வரவும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். சாவியைக் கேட்கவில்லை.

அடுத்த நாளில் இருந்து பரமநாதன் திரும்பவும் வருத்தக்காரன் ஆனான். மதகடி வந்ததும் முகத்தைச் சுளித்து, வயிற்றைப் பிடித்து, இறங்கிப் போய்ப் பற்றையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சும்மா நிற்கிறது கஷ்டம்தானே. தேவாரம் பாடுவான். ஒரு பதிகம் முடிய எல்லாரும் ஏறியிருப்பார்கள். வேகமாக ஓட்டப் பழகிவிட்டதால் இப்போது நேரமும் பெரிதாகப் பிந்தவில்லை. ஆனால் அவனுக்கு இருந்த ஒரே மனவருத்தம், சனம் எல்லாம் தன்னை இன்னும் சொட்டுச் சொட்டாகப் போகிறவன் என்று நினைக்கிறதே என்பதுதான். தகரத்துப் பெருமையை வெளியே சொல்ல ஏலாமல் தவித்தான்.

அப்படி இருக்கிறபோது முந்தின அதிகாரி மாறிப் போய், இரத்தினம் என்று புதிதாக ஒருத்தர் வந்தார். கண்டிப்பான ஆள் என்று கதை. ஒருநாள் மன்னாரில் ஸம்ஸியாவில் ஏறி, டிறைவருக்குப் பின் சீற்றில் இருந்துகொண்டார். நானும் அன்றைக்கு விடத்தல்தீவில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்குப் போக ஏறியிருந்தேன். அம்புறோஸுக்கு அன்றைக்குத்தான் முதல்முறை குரல் அடைத்துப் போய், "ரிக்கற்" என்பதை மெதுவாகச் சொன்னான்.

மதகடி வந்தது. கூட்டம் நின்றது. பரமநாதன் கண்ணாடியில் அதிகாரியைப் பார்த்தான். நிறுத்தாமல் போனால் சனம் கல்லால் எறியும். நிறுத்தினால் இவர் பார்ப்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகி, பஸ்ஸை நிறுத்தி இறங்கினான். இரத்தினமும் எழும்பி அவனுக்குப் பின்னால் இறங்கினார். போச்சு, சோதிக்கப் போகிறார் என்று நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். பற்றை கிட்டத்தான், மெல்லக் கதைத்தாலும் கேட்கும்.

சோதிக்கவில்லை. மனிதர் பரமநாதனுக்குப் பக்கத்திலேயே போய்ப் பற்றையைப் பார்த்து நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பரமநாதன் பதிகத்தை முணுமுணுத்து முடித்துவிட்டான். அவர் இன்னும் முடிக்கவில்லை. ஒரு காலை மாற்றினார், வானத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பரமநாதனுக்கு அந்தப் பெருமூச்சுத் தெரிந்த பெருமூச்சு.

"ஐயா," என்றான் மெல்லமாக, "சொட்டுச் சொட்டாத்தானே?"

இரத்தினம் திடுக்கிட்டார். பிறகு, "ஓம்" என்றார். "கன நாளா. கந்தோரில கூட்டம் வைக்க ஏலாது."

"இரவில எழும்புறீங்களோ?"

"மனிசி வேற அறைக்குப் போயிட்டா."

"முடிஞ்சுது எண்டு வந்தா முடியாது, என்ன?"

"அதேதான், அதேதான்!"

இவ்வளவு நாளும் அடக்கி வைத்த பெருமை அப்போது அவனுக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஐயா, இதைச் சும்மா வச்சிருக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில படுக்க வேண்டி வரும். யாழ்ப்பாணத்தில லேசரில செய்யினம். வெளியில காயம் இல்லை, வெட்டில்லை. நானும் இப்பிடித்தான் நிண்டனான். இப்ப எனக்கு ஒரு குறையும் இல்லை! குழாய் திறந்து விட்ட மாதிரி! அரை நாளைக்கு அடக்குவன்! இப்ப பாருங்கோ, எனக்கு ஒண்டும் முட்டவே இல்லை, சும்மா..."

அந்த இடத்தில் நின்றுவிட்டான். அவனுக்கே விளங்கிவிட்டது. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் விளங்கிவிட்டது. ஏறுகிறதற்கு ஒரு காலைத் தூக்கி வைத்த ஹமீதா அந்தக் காலை அப்படியே வைத்திருந்தாள்.

"அப்ப நீர் சுகமான ஆள்," என்றார் இரத்தினம்.

"ஓம் ஐயா."

"வருத்தம் எண்டு சொல்லி நிப்பாட்டுறீர்."

"ஓம் ஐயா. இந்தச் சனத்துக்கு வேற பஸ் இல்லை. நிப்பாட்டாட்டி என்ர சீற்றும் போயிடும்."

இரத்தினம் பற்றையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னும் முடியவில்லை. அந்த நிலையில் கோபப்பட அவருக்கும் ஏலவில்லை. கடைசியாகத் தலையைத் திருப்பி, பஸ்ஸையும், சனத்தையும், முன்னால் நீண்டு கிடந்த வெறும் ரோட்டையும் பார்த்தார்.

"இதுக்கு அங்கால எங்க நிப்பாட்டுவீர்?"

"பாலை மரத்தடியில, ஐயா. நல்ல மறைவு."

"எவ்வளவு தூரம்?"

"உங்களுக்குத் தாங்கும், ஐயா. அதுக்குப் பிறகும் ஒண்டிருக்கு. பிறகும் ஒண்டு."

"எல்லாத்திலயும் நிப்பாட்டும்," என்றார் இரத்தினம். "எல்லாத்தையும் பெர்மிற்றில எழுதத்தான் வேணும். சனம் பாவம்." பிறகு இன்னும் தணிந்த குரலில், "அந்த டொக்டரின்ர பேர் என்ன?"

"சுபாஸ்கரன். நான் வேணுமெண்டா கூட வாறன், ஐயா. ரீவியில பாதை தெரியும். எந்தப் பக்கம் ஒதுக்க வேணும் எண்டு நான் பாத்துச் சொல்லுவன்."

அம்புறோஸுக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "ஏறுங்கோ, ஏறுங்கோ, மதகடி ஹோல்ட்! உள்ளுக்குப் போங்கோ! ஐயாவுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் குடுங்கோ!"